ஏடிஎச்டி ஊக்கி மருந்துகள்: ஆபத்தை நாமே கூட்டிக்கொள்ளும் தவறுகள்

ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் குறைபாட்டுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் முதலில் எழுதித் தருவது ஊக்கி மருந்துகளைத்தான். மெத்தில்பெனிடேட் ஒரு வகை, ஆம்ஃபெட்டமின் குடும்பம் இன்னொரு வகை. டோபமின், நார்எபிநெஃப்ரின் என்ற இரண்டு ரசாயனங்களும் மூளையின் நரம்பு முனைகளுக்கு இடையே கூடுதலாகத் தங்கும்படி செய்வது இவற்றின் வேலை. அதனால் மனம் ஒரு விஷயத்தில் நிற்கிறது. ஆனால் நார்எபிநெஃப்ரின் மூளையோடு நின்றுவிடுவதில்லை. இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கிறது, ரத்தக்குழாய்களை இறுக்குகிறது. பசியும் தூக்கமும் குறைகின்றன. பலன் வருகிற வழியாகத்தான் பக்கவிளைவும் வருகிறது.

இந்த மருந்துகளைப் பற்றிய பேச்சில் இரண்டு தரப்பு உண்டு. "பிள்ளைக்குப் போதை மருந்தைக் கொடுக்கிறார்கள்" என்று பதறுபவர்கள் ஒரு பக்கம். "எத்தனையோ வருஷமாகப் புழக்கத்தில் இருக்கிறது, ஒன்றும் ஆகாது" என்பவர்கள் மறுபக்கம். பயந்தவர் பாதியில் நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார். பயமில்லாதவர் மாதாமாதம் சீட்டைப் புதுப்பித்துக்கொண்டே போகிறார். இரண்டு இடத்திலும் உடம்பில் என்ன நடக்கிறது என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

இதயத்தைப் பற்றிக் கேட்காமல் தொடங்குவது

இந்த மருந்துகள் ரத்த அழுத்தத்தைச் சராசரியாக 2 முதல் 4 மி.மீ. வரையும், நாடித்துடிப்பை நிமிடத்துக்கு 3 முதல் 6 வரையும் கூட்டுகின்றன. ஆரோக்கியமான இதயத்துக்கு இது பெரிய சுமை இல்லை. ஆனால் அது சராசரிக் கணக்கு. சிலருக்கு ஏற்றம் இதைவிடப் பல மடங்கு இருக்கும், அது யாருக்கு என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அதனால் முதல் மாத்திரைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லியாக வேண்டிய விஷயங்கள் சில உண்டு. ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கி விழுந்ததுண்டா? நெஞ்சுவலி, காரணமில்லாத படபடப்பு வந்ததுண்டா? பிறவியிலேயே இதயக் கோளாறு இருந்ததா? குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்தார்களா? கடைசிக் கேள்விதான் அதிகம் விட்டுப்போவது. சித்தப்பா முப்பது வயதில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்ததை யாரும் பிள்ளையின் மருந்தோடு முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் இதயத்தசை தடிப்பது, மின்னோட்டம் தடுமாறுவது போன்ற பரம்பரைக் கோளாறுகள் வெளியில் தெரிவது பெரும்பாலும் அப்படிப்பட்ட மரணத்தில்தான். இந்தக் கேள்விகளுக்கு எல்லாம் "இல்லை" என்ற பதில் வந்து, பரிசோதனையும் சரியாக இருந்தால் எல்லோருக்கும் ஈசிஜி கட்டாயமில்லை என்கின்றன பிரிட்டன் வழிகாட்டுதல்கள். ஒன்றுக்கு "ஆம்" வந்தாலும் இதய மருத்துவரைப் பார்க்காமல் தொடங்கக் கூடாது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதிலும் குழப்பம் இருக்கிறது. அமெரிக்காவில் 12 லட்சம் குழந்தைகள், இளைஞர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2011ல் வெளியான ஆய்வு, மாரடைப்பு, பக்கவாதம், திடீர் இதய மரணம் ஆகியவை இந்த மருந்துகளால் கூடியதாகக் காணவில்லை. ஸ்வீடனில் நடந்து 2023 இறுதியில் வெளியான ஆய்வோ, ஏடிஎச்டி மருந்துகளை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு உயர் ரத்த அழுத்தமும் தமனி நோய்களும் வரும் வாய்ப்பு கூடுவதாகக் கண்டது. இதய, ரத்தக்குழாய் நோய்களை மொத்தமாகப் பார்த்தால், மருந்து எடுக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் சராசரியாக 4 சதவீதம், அதிலும் முதல் மூன்று ஆண்டுகளில் 8 சதவீதம் என்ற அளவில் உயர்வு இருந்தது. இரண்டும் முரண் என்று நினைக்க வேண்டாம். முதல் ஆய்வு இளவயதில் அரிதாக வரும் பெரிய விபரீதங்களைத் தேடியது. இரண்டாவது, பெரியவர்களையும் சேர்த்து, மெல்ல மெல்லச் சேரும் பாதிப்பைத் தேடியது. நாளைக்கே ஏதோ ஆகிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பத்து வருஷம் பிரஷர் பார்க்காமல் இருக்கவும் கூடாது.

பிரஷர் பார்ப்பதிலும் இரண்டு இடத்தில் கோட்டை விடுகிறோம். பெரியவர்களுக்கான அகலப் பட்டையைச் சிறுபிள்ளையின் ஒல்லிக் கையில் சுற்றினால், உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். சின்னப் பட்டையைத் தடித்த கையில் இறுக்கினால் கூடுதலாகக் காட்டும். இன்னொன்று நேரம். காலை மாத்திரையின் வேகம் அடங்கிய பிறகு, மாலையில் போய் அளந்தால் எண் அழகாகத்தான் இருக்கும். மருந்து உடம்பில் முழுவீச்சில் இருக்கும் நேரத்தில் அளந்ததுதான் கணக்கு. டோஸ் மாற்றும் ஒவ்வொரு முறையும், அதன் பிறகு குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் பார்க்க வேண்டும்.

"சாப்பிட மாட்டேன் என்கிறான்" என்று திட்டுவது

பசி குறைவதுதான் மிகவும் பரவலான பக்கவிளைவு. மதியச் சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே திரும்பி வரும். அது அடம் இல்லை, அந்த நேரத்தில் வயிறு கேட்கவில்லை, அவ்வளவுதான். அடித்துத் திணிப்பதால் சாப்பாட்டின் மீதே வெறுப்பு வருமே தவிர எடை கூடாது. செய்ய வேண்டியது நேரத்தை மாற்றுவது. மாத்திரைக்கு முன்பே காலை உணவை வயிறு நிறையக் கொடுக்க வேண்டும். மருந்தின் வேகம் இறங்கிய பிறகு, மாலையிலும் இரவிலும், தானாகப் பசி திரும்பும். அப்போது சத்தான உணவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இதைக் கவனிக்காமல் விட்டால் வளர்ச்சி பின்தங்கும். அமெரிக்காவில் 579 குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஒரு பெரிய ஆய்வில், மருந்தை விடாமல் எடுத்த பிள்ளைகள் மூன்று ஆண்டு முடிவில், எடுக்காதவர்களைவிடச் சராசரியாக 2 செ.மீ. குட்டையாகவும் 2.7 கிலோ எடை குறைவாகவும் இருந்தார்கள். இரண்டு சென்டிமீட்டர் சிலருக்குப் பெரிதாகத் தோன்றாது. ஆனால் ஏற்கெனவே வளர்ச்சிக்கோட்டின் அடியில் இருக்கும் பிள்ளைக்கு அது பெரிதுதான். பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடையும், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை உயரமும் அளந்து வளர்ச்சி அட்டையில் குறிக்க வேண்டும். ஒரு தடவை அளந்த எண்ணால் பயனில்லை, கோடு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதே சேதி. ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு நீண்டநேரம் வேலை செய்யும் மாத்திரைகளால் எடை இழப்பு அதிகம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025ல் தனியாகவே எச்சரித்திருக்கிறது.

மாலை நேரக் கொந்தளிப்பைப் பார்த்து டோஸைக் கூட்டுவது

மருந்தின் வேகம் இறங்கும் வேளையில் சிலருக்கு எரிச்சல், அழுகை, அளவுமீறிய துறுதுறுப்பு வரும். "மருந்து போதவில்லை" என்று தோன்றுவது இயல்பு. அந்த எண்ணத்தில் சாயங்காலம் ஒரு மாத்திரையைக் கூடுதலாகக் கொடுத்தால் இரவுத் தூக்கம் போய்விடும். தூக்கம் கெட்ட பிள்ளைக்கு மறுநாள் கவனம் இன்னும் சிதறும். அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் கூட்டத் தோன்றும். எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்குக் கொந்தளிப்பு என்று ஒரு வாரம் எழுதி டாக்டரிடம் காட்டினால் மருந்தின் வகையையோ நேரத்தையோ அவர் மாற்றித் தருவார். காலை டோஸ் மறந்துபோனால் மாலையில் ஈடுகட்ட வேண்டாம், அடுத்த நாள் வழக்கம்போலத் தொடங்கினால் போதும்.

அமைதியாகிவிட்டதைக் குணமாகிவிட்டதாக எண்ணுவது

இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. துறுதுறுவென்று இருந்த பிள்ளை சிரிப்பில்லாமல், ஒரே இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தால் வகுப்பு நிம்மதியடைகிறது, வீடும் நிம்மதியடைகிறது. பிள்ளைக்கு அது நிம்மதி இல்லை, பெரும்பாலும் டோஸ் அதிகம் என்பதன் அடையாளம். சரியான அளவில் பிள்ளையின் இயல்பு அப்படியே இருக்க வேண்டும், கவனம் மட்டுமே கூட வேண்டும்.

இதைவிட அரிதாக, இல்லாத குரல் கேட்பது, யாரோ பின்தொடர்வதாகச் சந்தேகம், தூக்கமே தேவைப்படாத மிகை உற்சாகம் வரலாம். 13 முதல் 25 வயது வரையிலானவர்களைப் பற்றி 2019ல் வெளியான ஓர் ஆய்வில், ஊக்கி மருந்து தொடங்கிய சுமார் 660 பேரில் ஒருவருக்கு மனச்சிதைவு போன்ற நிலை வந்தது. ஆம்ஃபெட்டமின் எடுத்தவர்களிடம் அது மெத்தில்பெனிடேட் எடுத்தவர்களைப் போல இரு மடங்கு. குடும்பத்தில் இருதுருவ மனநோயோ மனச்சிதைவோ இருந்தால், கௌரவம் பார்த்து மறைக்காமல் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

மற்ற மருந்துகளோடு கலப்பது

மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் தரும் மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் இருந்தால் அதுவும் ரத்த அழுத்தத்தை ஏற்றும். எனர்ஜி டிரிங்க், அளவுமீறிய காபி ஆகியவையும் அப்படியே. எம்ஏஓ தடுப்பான் என்ற மனச்சோர்வு மருந்தை நிறுத்தி 14 நாட்கள் ஆகாமல் ஊக்கி மருந்தைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தான அளவுக்கு எகிறும். நெஞ்செரிச்சலுக்குச் சாப்பிடும் சோடியம் பைகார்பனேட் ஆம்ஃபெட்டமினை உடம்பில் அதிக நேரம் தங்க வைக்கும். மதுவோடு சேர்ந்தால் போதை ஏறியதே தெரியாமல் அளவு மீறிப் போகும். நீண்டநேர மாத்திரையை நசுக்குவதோ மெல்லுவதோ கூடாது, நாள் முழுக்கப் பிரிந்து வரவேண்டிய மருந்து ஒரே அடியாக ரத்தத்தில் இறங்கிவிடும்.

தேர்வுக்காக மாத்திரையைக் கடன் வாங்குவது

ஏடிஎச்டி இல்லாதவர்கள் இதை "மூளைக்கு நல்லது" என்று விழுங்குகிறார்கள். 2023ல் வெளியான ஓர் ஆய்வில், குறைபாடு இல்லாத 40 பேருக்கு, எடைக்குள் அடங்கும்படி பொருள்களைத் தேர்ந்தெடுக்கும் கணிதப் புதிரைக் கொடுத்தார்கள். மருந்து எடுத்தபோது அவர்கள் கூடுதல் நேரம் மெனக்கெட்டார்கள், கூடுதல் அசைவுகள் செய்தார்கள். ஆனால் ஒவ்வோர் அசைவின் தரமும் குறைந்தது. முயற்சி கூடியதை அறிவு கூடியதாக எண்ணி ஏமாறுவது எளிது.

கொடுப்பவருக்கு ஒரு மாத்திரை போகிறது. வாங்குபவரின் இதயத்தை யாரும் சோதித்ததில்லை. தவறான பயன்பாடு, அடிமையாதல், அளவுமீறல் பற்றிய எச்சரிக்கையை எல்லா ஊக்கி மருந்துகளின் தகவல் தாளிலும் கடுமையாக்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 மே மாதம் உத்தரவிட்டதற்கு இந்தக் கைமாற்றமும் காரணம். சீட்டில்லாமல் இணையத்தில் வாங்குவது அதைவிட மோசம். ஃபென்டனில், மெத்தாம்ஃபெட்டமின் போன்ற போதைப்பொருள்கள் கலந்த போலி மாத்திரைகள் அசலைப் போலவே அச்சடிக்கப்பட்டு வருகின்றன. மாத்திரைகளை எண்ணி, பூட்டி வைப்பது வீட்டில் பதின்வயதினர் இருந்தால் அவசியம்.

பயந்து நிறுத்துவது

சிகிச்சை இல்லாத ஏடிஎச்டிக்கும் விலை உண்டு, விபத்தும் போதைப் பழக்கமும் அதில் அடங்கும். 2024ல் வெளியான ஸ்வீடன் ஆய்வொன்றில், நோய் கண்டறிந்த பின் மருந்து தொடங்கியவர்களிடம் இறப்பு விகிதம் தொடங்காதவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. பல மாதம் அதிக டோஸில் இருந்தவர் சட்டென்று நிறுத்தினால் கடும் சோர்வும் மனத்தளர்ச்சியும் வரலாம். ஏடிஎச்டிக்குத் தரும், ஊக்கி அல்லாத மருந்துகளான குளோனிடின், குவான்ஃபசின் ஆகியவற்றைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். "ஊக்கி இல்லை" என்பதாலேயே அவை பாதுகாப்பானவை ஆகிவிடுவதில்லை. அந்த வகையில் இன்னொன்றான அட்டோமாக்செட்டினுக்குக்கூடத் தற்கொலை எண்ணம் பற்றிய எச்சரிக்கை உண்டு.

காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நேரங்களும் உண்டு: நெஞ்சுவலி, ஓடும்போது மயக்கம், இல்லாத குரல் கேட்பது, தற்கொலைப் பேச்சு, ஆண்களுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் தணியாத ஆணுறுப்பு விறைப்பு. விரல்நுனிகள் வெளுத்து அல்லது நீலமாகி மரத்துப்போனால் அன்றைக்கே டாக்டரை அழைக்க வேண்டும், தோலில் புண் தெரிந்தால் இன்னும் அவசரம். போகும்போது மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துச் சென்று, கடைசியாக எத்தனை மணிக்கு எவ்வளவு எடுத்தது என்பதை முதலில் சொல்லுங்கள்.