விவாகரத்து, தாபரிப்பு, பிள்ளைப் பொறுப்பு: திருகோணமலையில் லோயரிடம் போகிறவர்களுக்கு

விவாகரத்து என்று பேச்சு எழுந்ததும் வீட்டில் எல்லாரும் கேட்பது "எவ்வளவு காலம் எடுக்கும்?" என்றுதான். மற்றப் பக்கம் எதிர்த்து வழக்காடினால் வருடக்கணக்கில் இழுபடும், அதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மாதச் செலவுக்கான காசும் (இதைத்தான் தாபரிப்பு என்கிறார்கள்), பிள்ளை யாரோடு இருப்பது என்பதும் அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இது தெரியாமல் உப்புவெளியிலும் தம்பலகாமத்திலும் எத்தனையோ பேர் "வழக்கு முடியட்டும், பார்ப்போம்" என்று கடன் வாங்கிப் பிள்ளை வளர்க்கிறார்கள். அதனால்தான் கீழே உள்ள ஒழுங்கு.

படி 1: உங்களுக்கு எந்தச் சட்டம் என்று பாருங்கள்

இலங்கையில் எல்லாருக்கும் ஒரே விவாகச் சட்டம் இல்லை. தமிழர், கிறிஸ்தவர் உட்படப் பெரும்பாலானவர்களுக்கு 1907ஆம் ஆண்டின் பொது விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம், வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில். இரண்டு பேரும் முஸ்லிம் என்றால் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம், விவாகரத்து காதி நீதிமன்றத்தில். அங்கே சட்டத்தரணி உங்களுக்காக ஆஜராக முடியாது, நீங்களேதான் பேச வேண்டும். மூதூர், கிண்ணியா பக்கத்து ஆட்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிவின் மிச்சம் பொதுச் சட்டத்தைப் பற்றியது.

கோவிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு செய்யவில்லை என்றால்? சட்டம் அந்தக் கலியாணத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடுவதில்லை, ஆனால் வழக்கப்படி சடங்கு நடந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டிவரும். அழைப்பிதழ், படங்கள், சடங்கு செய்த ஐயர், வந்திருந்த பெரியவர்கள் எல்லாம் அப்போது சாட்சி.

படி 2: கடதாசிகளை எடுத்து வையுங்கள்

விவாகச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைப் பிரதிகள், மற்றப் பக்கத்து ஆள் சம்பளக்காரர் என்றால் எங்கே வேலை செய்கிறார் என்ற விபரம். சான்றிதழ்ப் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து எடுக்கலாம். பொலிஸில் எப்போதாவது முறைப்பாடு கொடுத்திருந்தால் அதன் பிரதி, ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் அந்தத் துண்டு, வட்ஸ்அப் செய்திகள் (அழிக்காதீர்கள், கோபத்தில் போனை மாற்றவும் வேண்டாம்).

அப்புறம் ஒரு கொப்பியில் திகதி வாரியாக எழுதுங்கள். கலியாணம் எப்போது, எங்கே குடியிருந்தீர்கள், யார் எப்போது வீட்டை விட்டுப் போனார், கடைசியாகக் காசு தந்தது எப்போது. லோயருக்கு முன்னால் போய் இருந்தால் மாமியார் சொன்னதெல்லாம்தான் முதலில் வாயில் வரும், மனித இயல்பு அதுதான், ஆனால் வழக்குரையை (கோட்டில் எழுத்தில் போடுகிற உங்கள் முறைப்பாட்டை) தாங்கிப் பிடிப்பது திகதிகள்.

படி 3: சட்டத்தரணியைப் பிடிப்பது

வழக்கு எங்கே போடுவது என்பதில் ஒரு நல்ல செய்தி. வழக்குப் போடுகிறவர் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். கொழும்பில் வாழ்ந்துவிட்டு உவர்மலையில் அம்மா வீட்டோடு வந்து இருக்கிறீர்களா, திருகோணமலையிலேயே போடலாம், கொழும்புக்கு அலைய வேண்டாம். ஆகவே இங்கேயே குடும்ப வழக்குகள் பார்க்கிற ஒருவரைத் தேடுங்கள். காணி வழக்கில் கெட்டிக்காரர் என்பதற்காக அவரிடமே போக வேண்டும் என்றில்லை.

முதல் சந்திப்பில் நேரடியாகக் கேட்க வேண்டியவை: சேர் (அல்லது மிஸ்), மொத்தம் எவ்வளவு, ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் எவ்வளவு, முத்திரை, தபால் செலவு அதற்குள்ளேயா வெளியேயா, வழக்கில் பேசப்போவது நீங்களா வேறு ஒருவரா? ஏனென்றால் நீங்கள் புரொக்சியில் (உங்களுக்காக வழக்கை நடத்த அதிகாரம் கொடுக்கிற கடதாசி) கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற பதிவுச் சட்டத்தரணி ஒருவர், கோட்டில் எழும்பிப் பேசுகிறவர் வேறு ஒருவர் என்று இருக்கலாம், இரண்டுக்கும் காசு. வெறும் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். காசு கொடுத்தால் ரசீது.

காசே இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது, திருகோணமலையிலும் அதன் நிலையம் உண்டு. வருமானத்தைப் பார்த்துத் தகுதி என்றால் இலவசமாகவே சட்டத்தரணியைத் தருவார்கள். கிராம சேவகரின் வருமானக் கடிதத்தோடு போனால் ஒரு நடை மிச்சம்.

படி 4: காரணம் என்ன?

"இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை, இரண்டு பேருக்கும் சம்மதம்" என்பது 1907ஆம் ஆண்டுச் சட்டத்தில் காரணம் இல்லை. அதில் உள்ளவை மூன்று: கலியாணத்துக்குப் பிறகு வேறு ஒருவரோடு தகாத உறவு, தீய எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், கலியாண நேரத்திலேயே இருந்த குணப்படுத்த முடியாத ஆண்மையின்மை அல்லது உடலுறவுக்கு இயலாமை. நடைமுறையில் அதிகம் வருவது இரண்டாவது. வீட்டை விட்டுப் போனவர்தான் கைவிட்டவர் என்றும் இல்லை. அடித்தும் துரத்தியும் மற்றவரை வெளியேற வைத்தவரும் கைவிட்டவர்தான், அதை நிரூபிக்க வேண்டும். முதலாவதைச் சொல்வதானால் அந்த மூன்றாம் ஆளையும் பொதுவாக வழக்கில் எதிராளியாகச் சேர்க்க வேண்டும், சண்டையும் செலவும் கூடும். கையில் உறுதியான ஆதாரம் இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து.

இரண்டு பேருக்கும் உடன்பாடு என்றால் ஒருவர் வழக்குப் போட, மற்றவர் எதிர்க்காமல் விட, வழக்கு விரைவாக முடிகிறது. அப்போதும் சாட்சிக் கூண்டில் ஏறிக் காரணத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தமிழிலேயே சொல்லலாம்.

படி 5: காசு, உடனே

தாபரிப்பு வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் அல்ல, நீதவான் நீதிமன்றத்தில், 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ். விவாகரத்து வழக்குப் போடாமலேயே இதைப் போடலாம். தன்னைத் தானே பார்க்க முடியாத மனைவிக்கும், நிலைமை மறுபக்கமாக இருந்தால் கணவனுக்கும், 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் கேட்கலாம். படித்துக்கொண்டிருக்கிற 18 முதல் 25 வயதுப் பிள்ளைக்கும் அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கட்டாவிட்டால் சம்பளத்தில் பிடிக்கலாம், சிறையும் வரலாம். விவாகரத்து வழக்கு ஓடுகிற காலத்துக்கு மாவட்ட நீதிமன்றத்திலும் இடைக்காலச் செலவு கேட்கலாம். எது நல்லது என்று லோயரிடம் கேளுங்கள்.

அடி உதை இருந்தால் ஒழுங்கு மாறுகிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேளுங்கள், அதுதான் முதல் வேலை. 1938க்கு அழைத்தும் உதவி கேட்கலாம், பிள்ளை பற்றியது என்றால் 1929.

படி 6: பிள்ளை

இதில்தான் ஊர்க் கதைகள் அதிகம். ஒரு பக்கம் "சின்னப் பிள்ளை என்றால் அம்மாவுக்குத்தான்", மறு பக்கம் "தகப்பன்தான் சட்டப்படி பொறுப்பு". இரண்டாவது கதைக்கு ஒரு வேர் இருக்கிறது: நம் நாட்டில் இன்னும் ஓடுகிற ரோமன் டச்சுச் சட்டம் தகப்பனுக்கு முதலிடம் கொடுத்தது. ஆனால் நீதிமன்றங்கள் இன்று பார்ப்பது பிள்ளையின் நலனை. தாய் என்பதாலோ தகப்பன் என்பதாலோ மட்டும் பிள்ளை கிடைத்துவிடாது.

பிள்ளையின் நலன் என்றால் என்ன? பள்ளிக்கூடம் கூட்டிப்போகிறவர் யார், கிளினிக் அட்டை யாரிடம் இருக்கிறது, நீங்கள் வேலைக்குப் போனால் பின்னேரம் பிள்ளையோடு இருப்பது யார், வீட்டில் குடி, சண்டை உண்டா, சகோதரங்கள் பிரிந்து போவார்களா. நன்னடத்தை உத்தியோகத்தரிடம் அறிக்கை கேட்கப்படலாம், அவர் வீட்டுக்கு வருவார், அயலாரிடமும் விசாரிப்பார். விபரம் தெரிந்த வயது என்றால் நீதிபதி பிள்ளையைத் தனியாக அழைத்துப் பேசவும் கூடும். அதற்காகப் பிள்ளைக்கு வசனம் சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள், நீதிபதிக்கு அது ஒரு நிமிஷத்தில் விளங்கும்.

வழக்கு நடக்கும்போதே இடைக்காலக் கட்டளை கேட்கலாம், தீர்ப்புக்குப் பிறகும் நிலைமை மாறினால் மாற்றக் கேட்கலாம். பிள்ளை யாரிடம் இருந்தாலும் மற்றவருக்குப் பொதுவாகப் பார்க்கும் உரிமை உண்டு. இதில் "வசதியான நேரத்தில்" என்ற மாதிரி எழுத விடாதீர்கள். எந்த நாள், எத்தனை மணி, எங்கே கையளிப்பது, தீபாவளி, நத்தார், பள்ளி விடுமுறை யாரோடு, வெளிநாட்டில் இருப்பவருக்கு வீடியோ கோல் எப்போது என்று எழுதுவித்தால் வாசலில் நின்று சண்டை பிடிக்க வேண்டி வராது.

மற்றவர் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் நீங்களும் போய்த் தூக்கிவராதீர்கள். அன்றே லோயருக்குச் சொல்லுங்கள். இடைக்காலக் கட்டளையும் உண்டு, தேவைப்பட்டால் மாகாண மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் (பிள்ளையை நீதிமன்றத்துக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேட்பது) உண்டு. காசு தரவில்லை என்பதற்காகப் பிள்ளையைக் காட்டாமல் விடுவதும், காட்டவில்லை என்பதற்காகக் காசை நிறுத்துவதும் இரண்டுமே கோட்டில் உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

படி 7: வழக்குப் போட்ட பிறகு

எதிராளிக்கு அழைப்பாணை போகும். ஆள் கட்டாரிலோ சவூதியிலோ என்றால் அது போய்ச் சேரவே காலம் எடுக்கும், சரியான விலாசத்தை முதலிலேயே தேடி வையுங்கள். அழைப்பாணை கிடைத்தும் வராவிட்டால் ஒருதலைப்பட்சமாக விசாரிப்பார்கள். வந்து மறுமொழி போட்டால் முழு விசாரணை, சாட்சி, குறுக்கு விசாரணை, தவணைகள்.

சொத்தைப் பொறுத்தவரை சரி பாதி என்று இங்கே பொதுச் சட்டம் எதுவும் இல்லை, யார் பெயரில் இருக்கிறதோ பெரும்பாலும் அவருடையது. தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழருக்கான தனிச் சட்டம்) உட்பட்ட யாழ்ப்பாணத்து ஆணைக் கட்டியிருந்தால் கதை வேறு, அப்போது உங்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும், தேடிய தேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு சேர்த்த சொத்து), சீதனம் எல்லாம் தனிக் கணக்கு. கலியாணத்துக்கு முன் யாருடைய ஊர் எது என்பதை லோயரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. தீர்ப்புச் சொன்ன அன்று விவாகரத்து முடிந்துவிடாது. முதலில் வருவது நைசை என்கிற தற்காலிகத் தீர்ப்பாணை, குறைந்தது மூன்று மாதம் கழித்துத்தான் அது முற்றான தீர்ப்பாணை ஆகும். அதற்குள் மறுமணம் செய்தால் அந்தக் கலியாணம் செல்லாது, குற்றமும் ஆகலாம். முற்றானது கைக்கு வந்ததும் உறுதிப்படுத்திய பிரதிகள் இரண்டு மூன்றாக எடுத்து வையுங்கள், பிள்ளைப் பொறுப்புக் கட்டளையின் பிரதியும் சேர்த்து. பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போகும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.