பெங்களூர்ல ஷீட் ரூஃப், டாப் ஃப்ளோர் வீடு: காத்தோட்டத்துல பண்ணக்கூடாத தப்புங்க

லிங்கராஜபுரம், உல்சூர், விவேக் நகர், ஸ்ரீராமபுரம்னு எந்தப் பக்கம் போனாலும் மொட்டை மாடி மேல ஷீட் போட்ட வீடுங்கதான். மழை ஒழுகுதுன்னு போட்டிருப்பாங்க, அப்புறம் துணி காயப்போட, அப்புறம் நாலு பக்கமும் அடைச்சு பையன் படிக்க ஒரு ரூம், கடைசில அதையே வாடகைக்கும் விட்டாச்சு. ஏப்ரல் வந்துட்டா மத்தியானம் அதுக்குள்ள உக்கார முடியாது, உடனே எல்லாரும் கேக்கறது எந்த ஏசி வாங்கலாம்னுதான். ஏசிக்கு முன்னாடி பாக்க வேண்டியது ரெண்டு விஷயம், கூரைக்குக் கீழ நிக்கற சூடான காத்து எந்த வழியா வெளிய போகுது, அந்த இடத்துக்குப் புதுக் காத்து எந்த வழியா உள்ள வருது. முதல் கேள்விக்காவது ஏதாவது பதில் வரும், ரெண்டாவதுக்கு பெரும்பாலும் யாருகிட்டயும் பதில் கிடையாது.

டர்போ வெண்டிலேட்டரையே எடுத்துக்கோங்க, ஃபேக்டரி மேல சுத்துற அந்த ஸ்டீல் குண்டு. அதை வீட்டு ஷீட் மேலயும் மாட்டிட்டு, சுத்துது சுத்துதுன்னு சந்தோஷப்பட்டு, கீழ சுவருல ஒரு ஓட்டை கூட விடாம புறா வருதுன்னு எல்லாத்தையும் சீல் பண்ணி வச்சிருப்பாங்க. உள்ள வர வழி இல்லாம காத்து எப்படிங்க வெளிய போகும்? குண்டு வெளிக்காத்துல சும்மா சுத்திட்டு இருக்கும், ரூம் அப்படியே வேகும். சூடான காத்து லேசு, மேல போகும், அதனால வெளிய போற வழி கூரையோட உச்சிக்குப் பக்கத்துல இருக்கணும், உள்ள வர்ற வழி கீழ, தரையிலருந்து ரெண்டு மூணு அடி உயரத்துல இருந்தாலே போதும், ரெண்டுக்கும் நடுவுல உயர வித்தியாசம் எவ்வளவு கூடுதோ அவ்வளவு இழுவை கிடைக்கும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா இன்னொரு கூத்து நடக்கும், இந்த ஜன்னல் வழியா வந்த காத்து அந்த எக்ஸாஸ்ட் வழியா நேரா போயிடும், ரூமோட மத்த பக்கம் அசையாது. எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஒட்டி இருக்கற ஜன்னலை மூடி, எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வச்சுப் பாருங்க, காசே செலவில்லாம வித்தியாசம் தெரியும்.

ஓட்டை எவ்வளவு பெருசு விடணும்னு ஃபேப்ரிகேஷன் ஆளைக் கேட்டா கையை விரிச்சுக் காட்டுவார், அதான் அளவு. அமெரிக்காவுல வீட்டுக் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவுல இருக்கற பரண் மாதிரி இடத்துக்கு அவங்க கட்டட விதியில ஒரு கணக்கு வச்சிருக்காங்க, தரை பரப்புல 150-ல் 1 பங்கு திறப்பு வேணும், கீழயும் மேலயும் சரியா பிரிச்சு வச்சா சில நிபந்தனையோட 300-ல் 1 போதும். நம்ம 12-க்கு 20 அடி ரூம்னா 240 சதுர அடி, 150-ல் 1 பங்குன்னா 1.6 சதுர அடி. ஆனா அது ஆள் இருக்காத பரணுக்கான குறைந்தபட்சம், நீங்க படுத்துத் தூங்கற ரூமுக்கு இல்ல, ஷீட்டுக்குக் கீழ மனுஷன் இருக்கான்னா அதை விட நிறையவே விடணும். அதோட அந்த அளவு சுத்தமா காத்து போற இடத்தோட அளவு, லூவர்னு திறப்புல சாய்வா வைக்கற பட்டை மறைக்கறதையும் வலை மறைக்கறதையும் கழிச்சுதான் பாக்கணும். கொசுவலை போட்டா காத்து நல்லாவே குறையும், அதுல மெட்ரோ வேலை தூசியும் சேந்து அடைச்சிடுச்சுன்னா திறப்பு இருந்தும் இல்லாத மாதிரிதான். வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது வலையைக் கழட்டிக் கழுவணும், யாரும் பண்றதில்ல. புறாவுக்குத் தனியா பெரிய கண்ணு வலை, கொசுவுக்குத் தனியா கழட்டற மாதிரி ஃபிரேம், இப்படிப் பிரிச்சு வச்சாதான் சரிப்படும், புறா பயத்துல மொத்தமா தெர்மகோல் வச்சு அடைக்கறதெல்லாம் நமக்கு நாமே வச்சுக்கற சூனியம்.

பழைய சிமெண்ட் ஷீட்டா இருந்தா இன்னொரு விஷயம். அதுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், உலகத்துல 60-க்கும் மேல நாடுங்க தடை பண்ணிட்டாங்க, இங்க இன்னும் ஷீட்டா விக்குது. வெண்டிலேட்டர் மாட்டறேன்னு கிரைண்டர் வச்சு அதை அறுக்க விடாதீங்க. அந்தத் தூசியில இருக்கற நார் நுரையீரல்ல போய் உக்காந்தா வெளிய வராது, வியாதி பல வருஷம் கழிச்சுதான் தெரியும். ஷீட்டைத் தொடாம பக்கச் சுவருல உச்சிகிட்ட லூவர் வச்சுக்கலாம், வேலையும் ஈஸி, மழைக்கு ஒழுகற பயமும் கம்மி.

சரி, காத்து நல்லா வருது, போகுது, ஆனாலும் மண்டை காயுதேன்னு கேப்பீங்க. அதுக்குக் காரணம் காத்து இல்ல, ஷீட்டே. வெயில்ல காய்ஞ்ச ஷீட் அடுப்பு மேல வச்ச தோசைக்கல்லு கணக்கா கீழ அனலை வீசும், அந்த அனல் காத்தைப் பிடிச்சுட்டு வர்றதில்ல, நேரா உங்க தலைக்கு வருது, எத்தனை ஃபேன் போட்டாலும் அது நிக்காது. இதை வெண்டிலேஷன் சரி பண்ணிடும்னு சொல்றவங்க ஒண்ணு தெரியாம சொல்றாங்க, இல்லைன்னா விக்கறதுக்கு சொல்றாங்க. வெளிப்பக்கம் வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் அடிச்சா வெயிலோட பெரும்பகுதி திரும்பிப் போயிடும், கலர் ஷீட் வாங்கும்போது அடர் நீலம், செங்கல் கலர் எல்லாம் அழகா இருக்குன்னு எடுக்கறதுதான் முதல் தப்பு. உள்பக்கம் சில்வர் பபிள் ஷீட் போடறாங்க, அது நல்ல பொருள்தான், ஆனா பளபளப்புப் பக்கத்துக்கு எதிர்ல கொஞ்சம் காத்து இடைவெளி இருந்தாதான் வேலை செய்யும், ஷீட்டோட ஒட்டி, அதுக்குக் கீழ பிளைவுட்டையும் ஒட்டி சாண்ட்விச் பண்ணிட்டா பாதி காசு வேஸ்ட்.

கான்கிரீட் கூரை வேற ரகம். அது மத்தியானம் சும்மா இருக்கும், வெயிலை மெதுவா உள்ள இழுத்து நாலஞ்சு மணி நேரம் கழிச்சு, நீங்க ஆபீஸ் விட்டு சில்க் போர்டு டிராஃபிக் தாண்டி வீட்டுக்கு வந்து சேர்ற நேரம் பாத்து கீழ இறக்கும். டாப் ஃப்ளோர் வீடு வாடகைக்குப் பாக்கப் போறவங்க காலைல பத்து மணிக்குப் போய் ஆஹா என்ன குளுமைன்னு அட்வான்ஸ் குடுத்துட்டு வராதீங்க, சாயங்காலம் ஏழு மணிக்குப் போய் ஸ்டூல் போட்டு சீலிங்கைத் தொட்டுப் பாருங்க. ஏற்கனவே அங்கதான் இருக்கீங்கன்னா ராத்திரி சுவர் உச்சில இருக்கற சின்ன வெண்டிலேட்டர் ஜன்னலைத் திறந்து வைங்க. நம்ம ஊருக்கு இருக்கற பெரிய வரம் ராத்திரிதான். 2016 ஏப்ரல்ல 39.2 டிகிரி தொட்ட ஊரு இது, ஆனாலும் வழக்கமா ஏப்ரல் மாசத்துல ராத்திரி சராசரியா 22 டிகிரி கிட்ட இறங்கிடும், சென்னைல சித்தி வீட்டுல மே மாசம் ராத்திரி ஜன்னல் திறந்தா உள்ள வர்றதே அனல்தான், இங்க அப்படி இல்ல. அந்தக் குளிர் காத்தை உள்ள விட்டு கூரையோட சூட்டை இறக்காம, ஜன்னலை எல்லாம் இறுக்கி மூடிட்டு படுக்கறது எனக்கு இன்னிக்கும் புரியாத விஷயம், கொசுன்னு சொன்னா வலை இருக்கு.

அந்தக் காலத்து கண்டோன்மெண்ட் வீடுங்கள்ல, குக் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் இன்னும் சிலது நிக்குது, உயரமான மங்களூர் ஓட்டுக் கூரை, சுவர் உச்சில கயிறு கட்டித் திறக்கற சின்ன வெண்டிலேட்டர். மங்களூர்ல பாசல் மிஷன்ங்கற கிறிஸ்தவ அமைப்புக்காரங்க 1865-ல ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பிச்சப்புறம் பரவின ஓடு அது, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின இடுக்கு வழியா கூரையே மூச்சு விடும். இப்போ என்ன பண்றாங்கன்னா கான்கிரீட்டை சரிவா போட்டு அதுமேல ஓடுங்களை சிமெண்ட் வச்சு ஒட்டிடறாங்க, பாக்க கேரளா வீடு மாதிரி இருக்கும், ஆனா ஓட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவுல காத்து போக வழியே இல்ல. குறுக்குச் சட்டம் அடிச்சு அதுமேல ஓடுங்களை நிறுத்தி, கீழயும் உச்சிலயும் இடைவெளி விட்டிருந்தா ஓடு வாங்கற சூடு அந்த இடைவெளியிலேயே நிறைய வெளிய போயிருக்கும். நிஜ ஓட்டு வீட்டை ரினோவேட் பண்றவங்க ஃபால்ஸ் சீலிங் போட்டு வெண்டிலேட்டரையும் கண்ணாடி வச்சு மூடிடறாங்க, மேல ஒரு மூடின அடுப்பு, அதுக்குள்ள வயரும், எல்இடி லைட்டுக்குக் கரண்ட் குடுக்கற டிரைவர் பெட்டியும் சூட்டுல கிடந்து சீக்கிரம் போயிடும், எலெக்ட்ரீஷியன் வந்து மட்டமான லைட்டுன்னு திட்டிட்டுப் போவார்.

டிசம்பர், ஜனவரில காலைல ஷீட்லருந்து சொட்டு சொட்டா தண்ணி விழுதா? மழையே இல்லாம ஒழுகுதுன்னு ஓட்டை அடைக்கற எம்-சீல் வாங்கிட்டு ஏறாதீங்க. ராத்திரி ஷீட் வானத்தைப் பாத்து சூட்டை விட்டுட்டு ஜில்லுன்னு ஆயிடும், ரூம்ல நாலு பேர் மூச்சு, சமையல் ஆவி, காயப்போட்ட துணி, இந்த ஈரம் எல்லாம் அதுல பட்டு தண்ணியா மாறும். இதுக்கு மருந்து ஈரத்தை வெளிய அனுப்பறதுதான். பாத்ரூம் எக்ஸாஸ்ட்டையும் கிச்சன் சிம்னி பைப்பையும் ஃபால்ஸ் சீலிங்குக்குள்ளயோ மூடின ஷீட் இடத்துக்குள்ளயோ விட்டு முடிச்சுடற பிளம்பருங்க இருக்காங்க, வெளிய தெரியாதுன்னு தைரியம். கொஞ்ச நாள்ல பிளைவுட் உப்பும், சுவருல கறுப்பா பூஞ்சை வரும். பைப் கடைசி வரைக்கும் வெளிச்சுவர் தாண்டிப் போகுதான்னு வேலை முடியறதுக்கு முன்னாடியே டார்ச் அடிச்சுப் பாத்துக்கணும்.

சின்ன பாத்ரூம்ல கேஸ் கீசர் வச்சிருந்தா இது சூட்டு விஷயமே இல்ல, உயிர் விஷயம். கேஸ் சரியா எரியாதப்போ வர்ற விஷ வாயு கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, குளிருதுன்னு வெண்டிலேட்டரை அட்டை வச்சு மூடறவங்க அதை இன்னிக்கே எடுத்துடுங்க, முடிஞ்சா கீசரையே பாத்ரூமுக்கு வெளிய மாத்துங்க. இன்வெர்ட்டர் பேட்டரியையும் மூடின ஷீட் ரூம்ல வைக்காதீங்க, தண்ணி ஊத்தற வகைன்னா சார்ஜ் ஆகும்போது தீப்பிடிக்கற ஹைட்ரஜன் வாயு விடும், சூட்டுல ஆயுசும் குறையும்.

புதுசா ஷீட் போடப் போறீங்கன்னா டிசம்பர், ஜனவரிலயே பேசி முடிங்க, மே மாசம் முதல் இடி மழை கொட்டினதும் ஃபேப்ரிகேஷன் ஆளுங்க போனே எடுக்க மாட்டாங்க. கொட்டேஷன்ல ஷீட் தடிமன், பைப் சைஸ் எழுதற மாதிரி கீழ எத்தனை திறப்பு, மேல எத்தனை லூவர், ஒவ்வொண்ணும் என்ன சைஸ்னு எழுதி வாங்குங்க. வாய்ல சொன்னா கடைசில மிச்சம் இருக்கற ஷீட் துண்டை வச்சு அந்த ஓட்டையையும் மூடிட்டு, ஃப்ரீயா பண்ணிக் குடுத்தேன் சார்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க.