என்சைம் வெட்டியதா, காடோலினியம் கசிந்ததா?

ஊட்டியில் எங்கள் ஆய்வகத்தில், குறிப்பிட்ட என்சைம் இருக்கும் இடத்தை எம்ஆர்ஐ படத்தில் வெளுத்துக் காட்டும் காடோலினியப் பொருள்களைச் செய்கிறோம். இங்கே புதிதாக வருபவர்கள் எல்லாரும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். கையுறை போடுவது, குப்பியில் பெயர் ஒட்டுவது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை.

காடோலினியம் என்ற உலோகத்தின் அயனியை டோட்டா என்ற வளைய மூலக்கூறு போன்ற ஒன்று கூண்டாகச் சூழ்ந்திருக்கும். வாசலை ஒரு சர்க்கரை அடைத்திருக்கும். குறிவைத்த என்சைம் சர்க்கரையை வெட்டினால் தண்ணீர் உலோகத்தைத் தொடும், எம்ஆர்ஐ படத்தில் அந்த இடம் வெளுக்கும். பீட்டா-காலக்டோசிடேஸை வைத்து 1997-இலேயே இதைச் செய்து காட்டிவிட்டார்கள். புற்றுக்கட்டிகள் அதிகம் சுரக்கும், புரதத்தை வெட்டும் எம்எம்பி என்சைம்களுக்கும் இப்படிப் பொருள்கள் உருவாகின்றன.

கசிந்த உலோகத்தைத் தேடாமல் கொண்டாடுவது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். என்சைமே சேர்க்காத குழாயில் ரிலாக்ஸிவிட்டி, அதாவது பொருள் படத்தை வெளுக்க வைக்கும் திறன், எகிறி நிற்கிறது. "நம்ம பொருள் சூப்பரா வேலை செய்யுது சார்" என்றாள் ஒரு மாணவி. வாசல் அடைத்த கூண்டு அப்படி ஒளிரவே கூடாது. அசிடேட் பஃபரில், பிஎச் 5.8-இல், தனி உலோகத்தைக் காட்டும் சாயமான சைலினால் ஆரஞ்சு விட்டேன். மஞ்சள் நொடியில் ஊதாவானது. "கலரைப் பாரும்மா, இது கூண்டுக்குள் போகாத காடோலினியம்" என்றேன். எட்டுக்குக் குறையாத தண்ணீர் மூலக்கூறுகள் சூழ நிற்கும் தனி அயனி, இதுபோன்ற சிறிய கூண்டுகளைவிடப் பளிச்சென்று தெரியும். அந்தத் தொகுதியில் எடுத்த அளவுகள் அத்தனையும் வீண்.

வீணானது நேரம் மட்டும் என்றால் பரவாயில்லை. இந்த அயனி கால்சியத்தின் அளவை ஒத்தது. உடலில் அதன் இடத்தில் புகுந்து கெடுக்கும். சிறுநீரகம் பழுதானவர்களின் தோல் இறுகிப்போன நோய்க்கும் காடோலினியத்துக்கும் உள்ள தொடர்பு 2006-இல் வெளிவந்தது. இன்னொன்று: இந்தச் சோதனையைப் பாஸ்பேட் பஃபரில் செய்யவே செய்யாதீர்கள். காடோலினியம் பாஸ்பேட்டாகப் படிந்துவிடும், சாயம் மஞ்சளாகவே நிற்கும், நீங்களும் சுத்தம் என்று நம்பிவிடுவீர்கள்.

"அறை வெப்பநிலையில் அளந்தோம்" என்று எழுதுவது

எந்த ஊர் அறை? ஜனவரிக் காலையில் இங்கே என்சைம் மந்தமாகிவிடும். சிறிய கூண்டுகளின் ரிலாக்ஸிவிட்டியோ குளிரில் ஏறும். இரண்டும் சேர்ந்து ஆளை ஏமாற்றும். 37 டிகிரியில் வைத்து அளவிடுங்கள்.

கொதிநீரை 100 டிகிரி என்று நம்புவது

2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க என்சைமைச் செயலிழக்க வைக்கும்போது ஹீட்டிங் பிளாக் பயன்படுத்துங்கள். அப்புறம், செத்ததா என்றும் சோதியுங்கள்.

தூளை எடைபோட்டுச் செறிவு சொல்வது

தூள் ஈரம் இழுக்கும். தனிமங்களை எடைவாரியாக அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் உலோகத்தை அளவிடுங்கள்.

வெட்டுப்படாத ஜோடி இல்லாமல் எலிக்குப் போவது

போகாதீர்கள். ஜோடி என்பது அதே பொருள்தான், ஆனால் என்சைமால் வெட்ட முடியாதது. கட்டியின் ரத்தக்குழாய்கள் ஒழுகும். எதைச் செலுத்தினாலும் அங்கே கொஞ்சம் சேர்ந்து வெளுக்கும்.