காரியவட்டம் கேம்பஸ் பக்கம் வாடகை வீடு பிடிப்பது எப்படி? களியக்காவிளை எல்லை தாண்டி வரும் பிள்ளைகளுக்கு

திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் கேம்பஸில் இடம் கிடைத்துவிட்டது, ஹாஸ்டல் கிடைக்கவில்லை. மார்த்தாண்டம், குழித்துறை, நாகர்கோவில் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகள் பலருக்கு இதுதான் நிலைமை. வீடு பிடிப்பது பெரிய வித்தை இல்லை. ஆனால் நம்ம ஊர்ப் பழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தால் இரண்டு மூன்று இடத்தில் பணம் போகும், அந்த இடங்களில் மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் படி, ஏரியா. கேம்பஸ் நெடுஞ்சாலையை ஒட்டி, ஸ்ரீகாரியத்துக்கும் கழக்கூட்டத்துக்கும் நடுவே இருக்கிறது. கழக்கூட்டம் பக்கம் போனால் டெக்னோபார்க் என்கிற ஐடி பூங்கா. அங்கே வேலை பார்ப்பவர்கள் நாலு பேர் சேர்ந்து கொடுக்கிற வாடகையோடு மாணவர்கள் போட்டி போட முடியாது, போடவும் வேண்டாம். பாங்ஙப்பாறை, சேங்கோட்டுகோணம், ஸ்ரீகாரியத்தின் உள்வழிகள், இந்தப் பக்கம் முதலில் தேடுங்கள். வாராவாரம் ஊருக்கு ரயிலில் போகிற ஆள் என்றால் மட்டும் கழக்கூட்டம் ஸ்டேஷனுக்குப் போய்வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போகிறவர்களுக்குத் திருவனந்தபுரம் மத்திய பஸ் நிலையம் இருக்கிற தம்பானூர் போய் மாறுவதுதான் வழி, அதனால் மெயின் ரோட்டிலிருந்து பத்து நிமிட நடைக்குள் வீடு இருப்பது நல்லது. மழையில் அந்தப் பத்து நிமிடமே இருபதாகத் தெரியும்.

இரண்டாவது, தேடுவது. போனில் விளம்பரம் பார்ப்பதைவிட ஒரு சனிக்கிழமை காலையில் நடந்து போய், கேட்டில் தொங்கும் பலகைகளைப் பார்ப்பதும், டீக்கடையிலும் போட்டோஸ்டாட் கடையிலும் கேட்பதும் பலன் தரும். கேம்பஸிலேயே தமிழ்த்துறை இருக்கிறது, அங்கே படிக்கிற சீனியர்களிடம் கேட்டால் காலியாகப் போகும் வீடுகள் பலகை மாட்டும் முன்பே தெரிய வரும். புரோக்கர் வழியாகப் போனால், வீட்டைக் காட்டும் முன்பே அவருக்கு அரை மாத வாடகையா, ஒரு மாத வாடகையா என்று பேசி முடித்துவிடுங்கள். ஆன்லைனில் ஒருவர் “நான் ராணுவத்தில் இருக்கேன், வெளியூர்ல போஸ்டிங், டோக்கன் அட்வான்ஸ் அனுப்புங்க, சாவி கூரியர்ல வரும்” என்றால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு யாரும் கியூஆர் ஸ்கேன் செய்து பின் நம்பர் போட வேண்டியதில்லை, போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும்.

நேரமும் முக்கியம். நம்மிடம் ஆடி என்றால் அங்கே கர்க்கடகம், அந்த மாதத்தில் புது வீடு போகத் தயங்குகிறவர்கள் நிறைய. சகுனம் பார்க்காத ஆள் நீங்கள் என்றால் பேரம் பேச அதைவிட நல்ல சமயம் கிடையாது, அதோடு மழைக்காலம் வேறு, வீட்டின் குட்டு முழுக்க வெளியே தெரியும்.

மூன்றாவது, வீட்டைப் பார்ப்பது. பளபளப்பான டைல்ஸைப் பார்த்து மயங்க வேண்டாம். சுவரின் கீழ் ஓரத்தில் பெயிண்ட் உப்பியிருக்கிறதா, அலமாரியைத் திறந்தால் பூசண வாடை அடிக்கிறதா, கூரை மூலையில் மஞ்சள் கறை இருக்கிறதா பாருங்கள். ஜூனில் தொடங்கும் மழை போனாலும் அக்டோபரில் துலாமழை, அதாவது நம்ம ஐப்பசி மழை, வந்துவிடும், ஈரச் சுவர் காயவே காயாது, புத்தகமும் பெல்ட்டும் பூசணம் பிடிக்கும். புதிதாகப் பெயிண்ட் அடித்த வீட்டில் கட்டிலுக்குப் பின்னால் கையை வைத்துப் பாருங்கள். அப்புறம் கிணறு. பைப் தண்ணீர் வருமா, கிணறு மட்டுமா என்று கேளுங்கள். கிணற்றுக்கும் கழிவுநீர்க் குழிக்கும் ஏழரை மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது கேரளக் கட்டட விதி. நெருக்கமான சின்ன மனைகளில் அந்த இடைவெளி எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும். குடிக்கக் கொதிக்க வைத்த தண்ணீர்தான் என்று முடிவு செய்துகொள்ளுங்கள், சீரகமோ, தண்ணீரைச் சிவப்பாக்கும் பதிமுகப் பட்டையோ போட்டால் இன்னும் நல்லது.

நாலாவது, கரண்ட். நம்ம பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிற இடம் இது. தமிழ்நாட்டில் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம், அந்த நினைப்பிலேயே வருகிறார்கள். கேரளத்தில் அது கிடையாது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கேஎஸ்இபி, அதாவது கேரள மின்வாரியத்தின் பில் வரும். மாதம் 250 யூனிட் வரைக்கும் படிப்படியான கட்டணம், அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த கட்டணம். இதில் என்ன சிக்கல் என்றால், கீழே வீட்டுக்காரர், மேலே நீங்கள், மீட்டர் மட்டும் ஒன்று. அவர்கள் வீட்டில் இரண்டு ஏசி ஓடினால் மொத்தம் வரம்பைத் தாண்டும், நீங்கள் இரண்டு ஃபேன் போட்டதற்கும் அந்த உயர்ந்த கட்டணத்தில்தான் பங்கு கேட்பார்கள். அதனால் “சேட்டா, மேல் மாடிக்குத் தனி மீட்டர் உண்டா?” என்பதைத்தான் வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கும் முன்னால் கேட்க வேண்டும். உண்டு என்றால் பழைய பில் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள மீட்டர் நம்பரும் சுவரில் இருக்கும் மீட்டர் நம்பரும் ஒன்றுதானா என்று பாருங்கள். பதிமூன்று இலக்க கன்ஸ்யூமர் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். சாவி வாங்கும் நாளில் ரீடிங்கைப் போட்டோ எடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், தேதியோடு பதிந்து கிடக்கும்.

ஐந்தாவது, கரார், அதாவது வாடகை ஒப்பந்தம். 11 மாதத்துக்குத்தான் எழுதுவார்கள், ஏனென்றால் ஒரு வருடத்துக்கு மேல் போனால் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தே ஆக வேண்டும். பத்திரம் மலையாளத்தில் இருந்தால் தெரிந்த ஒருவரை வரிவரியாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்கிற தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தை இங்கே காட்ட முடியாது, இங்கே இருப்பது 1965ஆம் ஆண்டுக் கேரள வாடகைச் சட்டம். அட்வான்ஸ் எவ்வளவு, காலி செய்யும்போது எத்தனை நாளில் திரும்பும், பெயிண்டிங் என்று எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை மாத நோட்டீஸ், ராத்திரி கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் தங்கலாமா, இவையெல்லாம் எழுத்தில் வரட்டும். வாயால் “அதொக்கெ நோக்காம்” (அதெல்லாம் பார்த்துக்கலாம்) என்று சொன்னது ஆறு மாதத்துக்குப் பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது. மூன்று பேர் சேர்ந்து எடுத்தால் மூன்று பேர் பெயரும் கராரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவன் கோர்ஸை விட்டுப் போகும்போது அட்வான்ஸும் அவனோடு போகும். பணத்தை வங்கிக் கணக்கு வழியாகவே கொடுங்கள்.

ஆறாவது, முதல் வாரம். குழாய், சுவிட்ச், கண்ணாடி, கழிப்பறை எல்லாவற்றையும் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். வீட்டுக்காரர் போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க ஆதார் நகல் கேட்பார், கொடுங்கள், நகலின் மேல் எதற்காக என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு. கேஸுக்கு ஐந்து கிலோ சின்ன சிலிண்டர் போதும், முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள், அடையாள அட்டை இருந்தால் சரி. பிளாஸ்டிக்கை, வீடு வீடாகக் குப்பை சேகரிக்கிற ஹரித கர்ம சேனைப் பெண்கள் மாதாமாதம் வந்து வாங்கிப்போவார்கள், கழுவிக் காய வைத்துக் கொடுக்க வேண்டும், அதற்குக் கட்டணமும் உண்டு. மிச்சச் சோறு, மீன் முள்ளை என்ன செய்வது என்று அந்த வீட்டுச் சேச்சியிடமே கேளுங்கள். தெருமுனையில் கவரில் கட்டி வீசுகிற பழக்கத்துக்கு இங்கே அபராதம் உண்டு, அதற்கும் முன்னால் பக்கத்து வீட்டுப் பகை உண்டு.

காலி செய்வது என்று முடிவானால் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். கடைசி நாளில் மீட்டர் ரீடிங்கை இன்னொரு போட்டோ எடுத்து, அதுவரைக்கும் ஆன யூனிட்டுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, பழைய வீடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரரோடு அறை அறையாக நடந்து பாருங்கள். அட்வான்ஸ் கணக்கில் ஏறிய பிறகு சாவியைக் கொடுங்கள்.