மலிவு விலைப் பச்சை லேசர்: எத்தனை மில்லிவாட், எவ்வளவு சுத்தம் என்று வீட்டிலேயே பார்ப்பது எப்படி

என்னிடம் இப்போது ஆறு பச்சை லேசர் லைட்டுகள் இருக்கின்றன. மூன்றில் "5 மில்லிவாட்டுக்குக் கீழ்" என்று ஒட்டியிருக்கிறது, ஒன்றில் 50, ஒன்றில் 1000, இன்னொன்றில் ஒன்றுமே இல்லை. அளந்து பார்த்தால் 1000 என்று போட்டது 50 என்று போட்டதைவிடக் குறைவாகத்தான் தருகிறது. அதனால் லேபிளை மறந்துவிடுங்கள், நாமே அளப்போம்.

எனக்கு இது ஏன் தேவைப்பட்டது என்றால், ஜவ்வாது மலைப் பக்கத்து ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வானம் காட்டப் போவேன். விரலை நீட்டி "அதோ அந்த மூன்று நட்சத்திரம்" என்றால் முப்பது பேரும் முப்பது பக்கம் பார்ப்பார்கள். பச்சைக் கதிர் ஒன்று நட்சத்திரம் வரை போய் நிற்கிற மாதிரி தெரிந்தால் ஒரே நொடியில் எல்லோருக்கும் புரிந்துவிடும். ஒருநாள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி "சார், நான் ஒரு தடவை காட்டட்டுமா" என்று கை நீட்டினாள். கொடுக்கப் போனவன் நிறுத்திக்கொண்டேன். இதிலிருந்து என்ன வருகிறது என்று எனக்கே தெரியாதபோது எப்படிக் கொடுப்பது?

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இது புரியாமல் அளந்தால் தப்பாகத்தான் வரும். பெரும்பாலான மலிவுப் பச்சை லேசர்களுக்குள் பச்சை நிறம் உமிழும் டயோடு கிடையாது. 808 நானோமீட்டர் அலைநீளத்தில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தரும் டயோடு ஒன்று இருக்கும். அதன் ஒளி நியோடிமியம் கலந்த வனடேட் படிகத்தில் விழுந்து 1064 நானோமீட்டராக மாறும், அதுவும் அகச்சிவப்புதான். அதன் பிறகு கே.டி.பி. என்ற படிகம் அதைப் பாதி அலைநீளத்துக்குக் கொண்டுவரும்போதுதான் 532 நானோமீட்டர் பச்சை கிடைக்கிறது. மாறாமல் மிஞ்சும் அகச்சிவப்பைத் தடுக்கக் கடைசியில் ஒரு சின்ன வடிகட்டிக் கண்ணாடி வேண்டும். விலையைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது அந்தக் கண்ணாடியில்தான்.

அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் 2010-இல் 10 மில்லிவாட் என்று விற்ற மலிவுப் பச்சை லேசர்களைச் சோதித்தது. அதில் ஒன்று பச்சையில் மங்கலாக எரிந்தது, ஆனால் 20 மில்லிவாட்டுக்குக் கிட்டத்தட்ட அகச்சிவப்பை உமிழ்ந்தது. 2013-இல் 122 லேசர் பாயிண்டர்களைச் சோதித்தார்கள். பச்சையில் ஏறக்குறைய 90 சதவீதமும் சிவப்பில் சுமார் 44 சதவீதமும் அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளை மீறியிருந்தன. அங்கே பாயிண்டருக்கான வரம்பு 5 மில்லிவாட். பச்சை கண்ணில் பட்டால் கால் நொடியில் இமை மூடிவிடும். அகச்சிவப்பு பட்டால் கண்ணுக்கு எதுவும் தெரியாது, இமையும் மூடாது, விழித்திரை பாட்டுக்குச் சூடாகும்.

முதலில் பெட்டி

ஒரு ஷூ பெட்டி எடுத்து உள்ளே கறுப்புத் தாள் ஒட்டுங்கள். லேசரைக் கையில் பிடித்துக்கொண்டு அளக்கவே கூடாது, கை ஆடும், கதிர் எங்காவது பட்டுக் கண்ணுக்குத் திரும்பும். பெட்டிக்குள் கட்டையில் கட்டிவிட்டு, பட்டனை அழுத்திப் பிடிக்கத் துணி காயப்போடும் கிளிப் ஒன்றை மாட்டுங்கள். மேசை உங்கள் கண் மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். மோதிரம், வாட்ச் கழற்றிவிடுங்கள். பச்சை லேசருக்கென்று மலிவாக விற்கும் சிவப்பு, ஆரஞ்சுக் கண்ணாடிகளை நம்பி இறங்காதீர்கள். பச்சையைத் தடுத்தாலும் 808-ஐ அப்படியே உள்ளே விடும் கண்ணாடிகள் அவற்றில் ஏராளம், பச்சை தெரியாததால் தைரியம் மட்டும் கூடும்.

சக்தியை அளப்பது

தீக்குச்சி பற்ற வைப்பது, கறுப்பு பலூன் உடைப்பது எல்லாம் அளவே இல்லை, அகச்சிவப்பும் சேர்ந்துதான் எரிக்கிறது. மொபைலில் லக்ஸ் ஆப் போட்டுப் பார்ப்பதும் வீண்.

நான் பயன்படுத்துவது பி.பி.டபிள்யூ. 34 என்ற போட்டோடயோடு, அதாவது ஒளி பட்டால் அதற்கேற்ப மின்னோட்டம் தரும் சின்னச் சில்லு. ரிச்சி தெரு மாதிரி எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் எந்த இடத்திலும் கேட்டுப் பார்க்கலாம். பெயருக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். எஃப் போட்டது கறுப்பாக இருக்கும், அது அகச்சிவப்பை மட்டுமே பார்க்கும். 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து 220 ஓம் ரெசிஸ்டர், அங்கிருந்து டயோடின் கேத்தோடு (மைனஸ் கால்), ஆனோடிலிருந்து (பிளஸ் கால்) மல்டிமீட்டரின் மில்லியாம்பியர் சாக்கெட், மீட்டரின் பொதுமுனையிலிருந்து பேட்டரியின் மைனஸ். அவ்வளவுதான். பெட்டியை மூடி இருட்டாக்கினால் மீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். முப்பது, நாற்பது மில்லியாம்பியர் காட்டினால் டயோடைத் திருப்பி மாட்டியிருக்கிறீர்கள். பேட்டரி இல்லாமலும் ஓடும், ஆனால் லேசர் புள்ளி ஒரே இடத்தில் குவிவதால் பெரிய சக்திக்கு டயோடு திணறிக் குறைத்துக் காட்டும், எனவே பேட்டரியோடு செய்யுங்கள். மீட்டர் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை, என்னுடையது சாதாரண மஞ்சள் மீட்டர்தான்.

பச்சை ஒளிக்கு இந்த டயோடு ஒரு மில்லிவாட்டுக்குச் சுமார் 0.3 மில்லியாம்பியர் தரும். மீட்டர் எண்ணை 0.3-ஆல் வகுத்தால் மில்லிவாட். 1.5 காட்டினால் 5 மில்லிவாட். இருபது சதவீதம் முன்னே பின்னே இருக்கும், நம் வேலைக்கு அது போதும். டயோடைச் சற்றுச் சாய்த்து வையுங்கள், அதன் மேல்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி பெட்டிச் சுவரில் போய் விழட்டும். ஒரு நிமிடம் விட்டு, பத்து பத்து நொடிக்கு ஒருமுறை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல லேசர் சீக்கிரம் ஓர் எண்ணில் நிற்கும், மட்டமானது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

நான் இரண்டு வாரம் ஏமாந்த இடம்

5 என்று லேபிள் போட்ட ஒன்றை இப்படி வைத்தபோது மீட்டர் 4.2 காட்டியது. 14 மில்லிவாட்! ஆனால் சுவரில் அடித்துப் பார்த்தால் பக்கத்திலிருந்த 4 மில்லிவாட் லேசரும் இதுவும் ஒரே மாதிரி இருந்தன. கண்ணுக்கு வித்தியாசம் சரியாகத் தெரியாது என்பது உண்மைதான், சக்தி பத்து மடங்கு ஏறினால்கூட நமக்கு இரண்டு மடங்குக்குச் சற்று மேல் ஏறிய மாதிரிதான் தோன்றும். அதனால் கண்தான் ஏமாற்றுகிறது என்று விட்டுவிட்டேன். சால்டரை மாற்றினேன், பேட்டரி மாற்றினேன், வேறு டயோடு போட்டேன், அதே 4.2.

கோளாறு மீட்டரிலும் இல்லை, கண்ணிலும் இல்லை. சிலிக்கான் டயோடு 808 நானோமீட்டரைப் பச்சையைவிட நன்றாகவே உணரும், மில்லிவாட்டுக்கு 0.55 மில்லியாம்பியர் வாக்கில். நான் பச்சை என்று நினைத்து வகுத்ததில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத ஒளி.

பிரிப்பதற்கு ஒரு துண்டுக் கண்ணாடி போதும். பழைய வெப்கேம் ஒன்றைக் கழற்றுங்கள். லென்ஸை இடப்பக்கம் திருகினால் வெளியே வரும், அதன் பின்புறம் விரல்நகத்தில் பாதி அளவில் சதுரக் கண்ணாடி ஒன்று ஒட்டியிருக்கும், சாய்த்துப் பார்த்தால் இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ மினுங்கும். பிளேடு முனையால் ஓரத்துப் பசையை மெதுவாகச் சுரண்டி எடுங்கள். அது பச்சையை விட்டு அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி. அதை டயோடின் முன்னால் நேராக, சாய்க்காமல் வைத்து மறுபடி அளந்தேன். 4.2 இருந்த மீட்டர் 1.1-க்கு இறங்கியது. கண்ணாடியே ஒரு பத்து சதவீதம் தின்னும், அதையும் சேர்த்தால் பச்சை சுமார் 4 மில்லிவாட். மிச்சம் 3 மில்லியாம்பியர் அகச்சிவப்பு, அதாவது 5 மில்லிவாட்டுக்கு மேல். கண்ணுக்குத் தெரிந்ததைவிடத் தெரியாதது அதிகம்! அன்றைக்கு அந்தப் பெண் கை நீட்டியது இந்த லேசருக்குத்தான்.

ஆக, எப்போதும் இரண்டு தடவை அளங்கள்: கண்ணாடி இல்லாமல் ஒன்று, கண்ணாடியோடு ஒன்று. இரண்டும் பத்துப் பதினைந்து சதவீதத்துக்குள் இருந்தால் லேசர் சுத்தம்.

மீட்டர் இல்லாதவர்களுக்கு: சி.டி. சோதனை

நிஸ்ட் காரர்கள் சொன்ன வழி இது. சி.டி.யின் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளி, அதில் பட்டால் ஒவ்வொரு அலைநீளமும் தனித்தனிக் கோணத்தில் பிரிந்து போகும். வெள்ளைத் தாளின் நடுவே சின்ன ஓட்டை போட்டு, அதிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி சி.டி.யின் பளபளப்பான பக்கத்தைத் தாளைப் பார்த்து நிறுத்துங்கள். லேசர் தாளுக்குப் பின்னாலிருந்து ஓட்டை வழியாகப் போய் சி.டி.யில் நேராக, நடு ஓட்டைக்கு வலப்பக்கத்தில் படட்டும். திரும்பி வரும் புள்ளிகள் தாளில் இட வலமாக விழும். பச்சையின் முதல் புள்ளி ஓட்டையிலிருந்து 7 சென்டிமீட்டரில், இரண்டாவது 17.8 சென்டிமீட்டரில். 808 கசிந்தால் இரண்டுக்கும் நடுவே 11.7 சென்டிமீட்டரில் விழும், வெறுங்கண்ணுக்குத் தாள் வெள்ளையாகவே இருக்கும்.

அதைப் பார்க்கத்தான் மேலே சொன்னபடி அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடியை எடுத்த வெப்கேம். டி.வி. ரிமோட்டை அதன் முன் அழுத்திப் பாருங்கள், அதிலிருந்து வருவதும் அகச்சிவப்புதான், பல்பு மாதிரி எரியும். பச்சை அதிகமாக இருந்து படத்தை வெளுப்பாக்கினால் லென்ஸின் முன் சிவப்பு ஜெலட்டின் தாளை நாலாக மடித்து ஒட்டுங்கள், பச்சை அடங்கிவிடும், அகச்சிவப்பு நிற்கும். என்னுடைய கசியும் லேசரில் 11.7-இல் புள்ளி வரவில்லை, அந்த இடத்தைச் சுற்றி அழுக்கான ஒரு திட்டாகப் பரவியிருந்தது. 808 ஒளி பச்சை மாதிரி ஒடுங்கி வராது, எனவே கூர்மையான புள்ளியைத் தேடாதீர்கள்.

1064-ஐ இந்த வழியில் பிரிக்க முடியாது. அது பச்சையைப் போல் சரியாக இரு மடங்கு என்பதால் அதன் முதல் புள்ளி பச்சையின் இரண்டாம் புள்ளி மேலேயே, அதே 17.8-இல் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்கும் சேர்த்துப் பதில் வேண்டும் என்றால் மீட்டரும் கண்ணாடியும்தான்.

பின்னர் சேர்த்தது: இதைப் படித்துவிட்டுச் செய்து பார்த்த ஒருவர் "என் லேசரில் கசிவே இல்லை, நடுவில் ஒன்றும் தெரியவில்லை" என்று எழுதினார். படம் அனுப்பச் சொல்லிப் பார்த்தால் அவர் வைத்திருந்தது டி.வி.டி. தயவுசெய்து டி.வி.டி. வேண்டாம். அதன் தட இடைவெளி 0.74 மைக்ரோமீட்டர், 808-க்கு அதில் முதல் புள்ளியே உருவாகாது. எவ்வளவு கசிந்தாலும் சுத்தம் என்றே காட்டும். சி.டி. மாற்றிச் செய்தபோது அவருடையதும் கசிந்தது.

வேறொருவர் வெப்கேமுக்குப் பதில் மொபைல் போதுமா என்று கேட்டார். பின்பக்கக் கேமரா பெரும்பாலும் அகச்சிவப்பை நன்றாகத் தடுத்துவிடும். செல்ஃபி கேமராவில் ரிமோட் பளிச்சென்று தெரிந்தால் முயன்று பார்க்கலாம். தெரியாவிட்டால் அந்தப் போனை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

குளிர்

மார்கழியில் மலையில் லேசர் மங்கிவிடுகிறது என்று நிறையப் பேர் சொல்வார்கள். டயோடின் அலைநீளம் ஒரு டிகிரிக்கு 0.3 நானோமீட்டர் வாக்கில் நகரும், படிகமோ 808-ஐ ஒட்டிய குறுகிய பட்டையைத்தான் நன்றாக உறிஞ்சும். குளிர்ந்தால் இரண்டும் பொருந்தாமல் போய்ப் பச்சை குறையும். உறிஞ்சப்படாத 808 எங்கே போகும்? வடிகட்டி இல்லாவிட்டால் வெளியேதான். அந்த 4.2 லேசரைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி பிரிட்ஜில் கால் மணி நேரம் வைத்து எடுத்து அளந்தேன். கண்ணாடியோடு 1.1 இருந்தது 0.4 ஆனது, கண்ணாடி இல்லாமல் 4.2 இருந்தது 5.1 ஆனது. மங்கிவிட்டதே என்று ஒருவர் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பார்க்கும் நேரத்தில்தான் அது அதிகமாகக் கசிகிறது.

இப்போது நான் எடுத்துப் போவது 520 நானோமீட்டர் வகை. அதில் டயோடே நேரடியாகப் பச்சை தருகிறது, படிகம் இல்லை, அகச்சிவப்புக் கசிவும் இல்லை. சுவரில் புள்ளி கொஞ்சம் நீள்வட்டமாக விழும், பட்டனை அமுக்கியதும் முழு வெளிச்சம் வந்துவிடும், இந்த இரண்டையும் வைத்து அடையாளம் காணலாம். அதே சக்தியில் 532-ஐவிடச் சற்று மங்கல்தான், பரவாயில்லை. என்னுடையது கண்ணாடியோடும் இல்லாமலும் 1.3 பக்கம் நிற்கிறது, இருட்டான ஊரில் அந்த 4 மில்லிவாட் தாராளம். விமானம் போகும் திசையிலும் ஆள் இருக்கும் பக்கமும் திருப்பக் கூடாது என்று சொல்லி, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, போன மாதம் அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். கார்த்திகைக் கூட்டத்தை அவள்தான் காட்டினாள். கசியும் லேசரின் பேட்டரியைக் கழற்றி, "கண் போகும்" என்று பேனாவால் எழுதி ஒட்டி, அளப்பதற்கு மட்டும் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.