பச்சிமோத்தானாசனத்தில் கால் விரலைப் பிடித்தே ஆக வேண்டுமா? யோகாவில் நாம் செய்யும் தவறுகள்

ஜூன் 21 அன்று யோகா தினத்தில் ஆசையாகப் பாயை விரித்தவர்களில் பலர், ஆடி பிறப்பதற்குள் அதைச் சுருட்டிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட மனம் வரவில்லை. விசாரித்தால் பெரும்பாலும் எங்காவது பிடித்துக்கொண்டிருக்கும். முழங்கால் வலி, கழுத்துப் பிடிப்பு, "ஒரு மாசம் செஞ்சும் எடை குறையலயே" என்ற ஏமாற்றம், இப்படி ஏதோ ஒன்று. யோகாவின் பலன் வருஷக் கணக்கில் சேருவது. நெடுங்காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்தால்தான் பயிற்சி வேர்விடும் என்று பதஞ்சலியே யோக சூத்திரத்தின் முதல் பாகத்தில் சொல்லிவிட்டார். நம்மைப் பாதியில் நிறுத்திவிடுகிற தவறுகள் எல்லாம் அந்த நெடுங்காலத்தைச் சுருக்கப் பார்க்கும் அவசரத்திலிருந்து வருகின்றன.

என் கதையும் அதுதான். கால் நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனத்தில் எனக்கு விரல் எட்டாது. பக்கத்தில் இருந்தவருக்கு நெற்றியே முழங்காலைத் தொட்டது. கழுத்தை நீட்டி, முதுகைக் கூனாக வளைத்து, உந்தி உந்திக் கட்டை விரலைப் பிடித்துவிட்டேன். அப்போது புட்டத்துக்கு அடியில், உட்காரும் எலும்பை ஒட்டி, 'சுருக்' என்றது. தொடையின் பின்தசை எலும்போடு சேரும் நார் அது. அங்கே இரத்த ஓட்டம் குறைவு, ஆறவும் நாளாகும். பல மாதம் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார முடிந்தது.

இந்த ஆசனத்தில் மடிய வேண்டியது இடுப்பு மூட்டு. தொடையின் பின்பக்கம் இறுக்கமாக இருந்தால் இடுப்பு எலும்பு முன்னால் சாயாது. அந்தக் குறையைக் கீழ்முதுகு வளைந்து ஈடுகட்டும், முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போலிருக்கும் டிஸ்க்கின் மேல் சுமை ஏறும். செய்ய வேண்டியது ரொம்ப எளிது. ஜமுக்காளத்தை நாலாக மடித்து அதன் விளிம்பில் உட்காருங்கள். முழங்காலைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பாதத்தில் ஒரு துண்டைப் போட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தியபடி, தொப்புள் தொடையை நோக்கிப் போகிறதா என்று மட்டும் பாருங்கள். விரல் எட்டுவது ஆறு மாதத்தில் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். முதுகுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிடும். எலும்பு மெலிந்து பலமிழக்கும் எலும்புப்புரை உள்ளவர்கள், முக்கியமாக மாதவிடாய் நின்ற பெண்கள், முதுகைக் கூனாக வளைத்துக் குனியவே வேண்டாம். பலவீனமான முதுகெலும்பு அந்த அழுத்தத்தில் நொறுங்கக்கூடும்.

ஜமுக்காளம் என்றதும் இன்னொன்று. உட்காரவும் படுக்கவும் அது நல்லதுதான். மொசைக் தரையில் அதை விரித்து, கால் அகட்டித் திரிகோணாசனம் செய்தால் வழுக்கும். நின்று செய்பவற்றுக்கு வழுக்காத விரிப்போ வெறும் தரையோ போதும்.

பத்மாசனத்தில் இதே தவறு முழங்காலுக்கு நடக்கிறது. முழங்கால் கதவுக் கீல் மாதிரி, மடங்கி நிமிரத்தான் அதற்குத் தெரியும். திரும்ப வேண்டியது தொடை சேரும் மேல் மூட்டு. அது திரும்பாதபோது பாதத்தைக் கையால் இழுத்து மேலே ஏற்றினால் முழங்கால் ஜவ்வு நசுங்கும். சாதாரணமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாலே தியானம் வரும்.

சிரசாசனத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஆபத்து வலியாக வெளியே தெரிவதில்லை. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் யோகா செய்பவர்கள் 75 பேரைச் சோதித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், தலைகீழாக நிற்கும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காக உயர்வது தெரிந்தது. கண் நரம்பைப் பாதித்துப் பார்வையைப் பறிக்கும் கிளாகோமா உள்ளவர்களுக்கு இது நல்லதில்லை. அந்த நோயோ ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. நாற்பது தாண்டியவர்கள் கண் பரிசோதனை செய்யாமல் இதைத் தொடங்கக் கூடாது. இரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களும் கழுத்தெலும்புத் தேய்வு உள்ளவர்களும் இதை விட்டுவிடலாம். ஒன்றும் குறைந்துவிடாது.

மூச்சுப் பயிற்சியில் நடக்கும் தவறு எண்களைப் பிடித்துக்கொள்வது. திருமந்திரம் 16 மாத்திரை (பழைய கால அளவு) உள்ளிழுத்து, 64 நிறுத்தி, 32 வெளிவிடும் கணக்கைச் சொல்கிறது. அது குருவின் பக்கத்தில் பல காலம் பழகியவர்களுக்கான அளவு. அலைபேசியைப் பார்த்து முதல் வாரமே மூச்சை நிறுத்திப் பழகினால் தலைச்சுற்றலும் படபடப்பும்தான் மிஞ்சும். நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள், நடுவில் நிறுத்த வேண்டாம். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிவதை மணிக்கட்டில் விரல் வைத்தே உணரலாம். வயிற்றை வெட்டி இழுத்து மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியைக் கர்ப்பிணிகள், குடலிறக்கம் உள்ளவர்கள், வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்து சில மாதமே ஆனவர்கள் தொடக் கூடாது.

சென்னையில் வாழ்ந்து மறைந்த யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) மரபில், ஆளுக்குத் தக்கபடி ஆசனத்தை மாற்றிக் கொடுப்பார்கள். ஐம்பது பேர் வரிசையில் நின்று ஒன்றையே செய்யும் வகுப்பில் அது நடக்காது. சேரும் முன், உங்கள் வயதையும் நோயையும் ஆசிரியர் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்காவிட்டால் வேறு இடம் தேடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் செய்து மற்ற நாள் விட்டுவிடுவதைவிடத் தினமும் இருபது நிமிடம் மேல். அந்த இருபதில் கடைசி ஐந்து சவாசனத்துக்கு. "சும்மா படுக்கறதுதானே" என்று எழுந்து ஓடுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். இறுகிக் கிடக்கும் உடம்பு தளரப் பழகுவது அங்கேதான்.

எதிர்பார்ப்பும் சரியாக இருக்கட்டும். நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு மருந்துக்கு முன் முயன்று பார்க்க வேண்டியவற்றில் ஒன்றாக யோகாவை அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்ற மருத்துவர் அமைப்பு 2017-இல் பரிந்துரைத்தது. வயதானவர்களுக்குத் தடுமாற்றம் குறையும், இரத்த அழுத்தமும் ஓரளவு இறங்கும். ஆனால் நிதானமாகச் செய்யும் ஆசனம், மெதுவாக நடக்கும் அளவுக்குத்தான் கலோரியைச் செலவழிக்கும். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே வேக நடையை விட்டுவிடாதீர்கள்.

பிரஷர் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் யோகாவை நம்பி நீங்களாக நிறுத்தாதீர்கள். அளந்த எண்ணைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மூன்று மாதம் கழித்து அதை டாக்டரிடம் நீட்டுங்கள். மாத்திரையைக் குறைப்பதா வேண்டாமா என்று அவர் சொல்லட்டும்.