ஸ்பானிஷில் ஒழுங்கற்ற வினைகள்: அட்டவணைக்கு முன்னால் அழுத்தம்

'பொதேர்' (முடிதல்) என்ற வினையின் ஆறு வடிவங்களையும் பலகையில் எழுதி ஒப்பிக்கச் சொன்னால், மறுநாள் மாணவர் 'புவெதேமொஸ்' என்பார். அப்படி ஒரு சொல்லே கிடையாது; 'பொதேமொஸ்' என்பதே சரி. எங்கே மாறுகிறது என்பதை அட்டவணை காட்டும், ஏன் என்று சொல்லாது. காரணம் அழுத்தம், அதாவது சொல்லில் ஓர் அசையை மட்டும் ஓங்கிச் சொல்வது. தமிழில் பொருளைப் பிரிப்பது குறிலும் நெடிலும். அழுத்தத்துக்கு அந்த வேலை இல்லை. அதனால் காரைக்குடிப் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பு முழுவதையும் அழுத்தத்துக்கே கொடுங்கள்.

இந்தப் பதிவில் அழுத்தம் விழும் அசையை மட்டும் நெடிலாக எழுதியிருக்கிறேன். ஓங்கிச் சொன்னால் போதும், இழுக்க வேண்டாம்.

படி 1. 'ஆப்லொ' என்றால் பேசுகிறேன். 'அப்லோ' என்றால் அவர் பேசினார். ஓங்கும் அசையில் மட்டும் கைதட்டிச் சொல்லச் சொல்லுங்கள். தட்டு இடம் மாறினால் ஆளும் மாறிவிடும், காலமும் மாறிவிடும். இது காதில் ஏறும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 2. இப்போது பொதேர்: புவேதொ, புவேதெஸ், புவேதெ, பொதேமொஸ், பொதேய்ஸ், புவேதென். தட்டு வேரில் விழும் நான்கு இடங்களில் 'ஒ' உடைந்து 'உவே' ஆகிறது. தட்டு விகுதிக்கு நகர்ந்த இரண்டு இடங்களில் 'ஒ' அப்படியே நிற்கிறது. லத்தீனில் குறிலாக இருந்த ஒ, எ இரண்டும் அழுத்தம் பெற்றபோது உடைந்ததன் தடம் இது. 'எ' உடைந்தால் 'இயே': கியேரொ (விரும்புகிறேன்), கெரேமொஸ் (விரும்புகிறோம்).

எல்லா வினையும் உடையாது. 'கொமேர்' (சாப்பிடுதல்) 'கோமொ' என்றே இருக்கும். எந்த வினை உடையும் என்பது மனப்பாடம். எந்த இடத்தில் உடையும் என்பதற்குத்தான் விதி.

படி 3. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் அகலத்துக்கு 2, நீளத்துக்கு 3 என ஆறு கல். இடப்பக்கம் நான், நீ, அவர். வலப்பக்கம் நாம், நீங்கள், அவர்கள். பாண்டி ஆடுவதுபோல் சில்லை எறிந்து, விழுந்த கட்டத்தின் வடிவத்தைத் தட்டோடு சொல்ல வேண்டும். வரிசையாக ஒப்பிப்பவர் நடுவில் கேட்டால் திணறுவார். சில்லு வரிசை பார்க்காது. வாரம் 4 வினை போதும். முழு அட்டவணையை விரித்துக் காட்டும் செயலிகளை முதல் மாதம் திறக்கவே வேண்டாம். தினசரி நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதிவைப்பது அதைவிட நன்றாக உதவும்.

படி 4. 'தெனேர்' (வைத்திருத்தல்) இரண்டு விதமாக மாறும். 'நான்' வடிவம் 'தேங்கொ': இங்கே 'க்' நுழையும், 'எ' உடையாது. மற்றவை வழக்கம்போல: தியேனெஸ், தியேனெ, தெனேமொஸ். 'தியேனொ' என்று மாணவர் சொன்னால் விதியைப் பிடித்துவிட்டார் என்று அர்த்தம். திட்டாமல் 'தேங்கொ'வைத் தனியாகப் பத்து முறை சொல்லவையுங்கள்.

இறந்த காலத்திலும் இதே தட்டுதான் வழிகாட்டி. ஒழுங்கான வினையில் 'அப்லே, அப்லோ' என்று கடைசியில் ஓங்கும். தெனேரில் 'தூவெ, தூவொ' என்று வேருக்குத் திரும்பிவிடும். எழுதும்போது 'தூவெ, தூவொ' இரண்டுக்கும் மேற்குறி (எழுத்தின் மேல் இடும் அழுத்தக்குறி) கிடையாது. பலர் பழக்கத்தில் போட்டுவிடுகிறார்கள்.

பின்சேர்க்கை: மரியாதை. கானாடுகாத்தான் வீடுகளைச் சுற்றிக்காட்டும் வேலைக்காகப் படிப்பவர்கள் சறுக்கும் இடம் இது. ஆச்சி ஒருவரைக்கூட நாம் 'வாங்க' என்று பன்மையில்தான் அழைப்போம். அந்த நினைப்பில் வயதான ஒரு பயணியிடம் பன்மையில் 'கியேரென் கஃபே?' (காபி வேண்டுமா?) என்றால், கூட வேறு யார் இருக்கிறார்கள் என்று அவர் திரும்பிப் பார்ப்பார். ஸ்பானிஷில் மரியாதைச் சொல்லான 'உஸ்தேத்' ஒருமை. வினை 'அவர்' கட்டத்திலிருந்து வரும். ஒருவருக்கு 'கியேரெ கஃபே?', இருவருக்கு, 'அவர்கள்' கட்டத்திலிருந்து, 'கியேரென் கஃபே?'. சில்லு ஆட்டத்தில் 'அவர்' கட்டத்தில் 'உஸ்தேத்' என்றும் எழுதிவையுங்கள்.